கணையத்தில் அரிய கட்டி மறுபடி வந்தால்: மீண்டும் ஆபரேஷனா, பொறுத்திருப்பதா?

கணையத்தில் கட்டி என்றதும் எல்லோருக்கும் நினைவுக்கு வருவது அடினோகார்சினோமாதான். வேகமாகப் பரவும், மாதக்கணக்கில் ஆளைச் சாய்த்துவிடும் புற்றுநோய் அது. இங்கே பேசப்போவது வேறு கூட்டத்தைப் பற்றி. ஹார்மோன் சுரக்கும் வகைச் செல்களில் தோன்றும் நியூரோஎண்டோகிரைன் கட்டி, இளம்பெண்களிடம் அதிகம் காணப்படும் சாலிட் சூடோபாப்பிலரி கட்டி, பல வருடங்களுக்கு முன் சிறுநீரகத்தில் வந்து இப்போது கணையத்தில் தலைகாட்டும் புற்று, பரம்பரைக் கோளாறுகளால் திரும்பத் திரும்ப முளைக்கும் கட்டிகள். இவை எல்லாமே அரியவை, பெரும்பாலும் மெதுவாக வளர்பவை. ஒருமுறை எடுத்துவிட்டு ஐந்து, பத்து வருடம் நிம்மதியாக இருந்தவர்களிடம் திடீரென்று "ஸ்கேனில் மறுபடியும் ஏதோ தெரிகிறது" என்று சொல்ல வைப்பவை.

அப்புறம்தான் குழப்பமே. ஒரு டாக்டர் "எடுத்துவிடலாம்" என்கிறார். இன்னொருவர் "ஆறு மாதம் பார்ப்போம்" என்கிறார். மூன்றாமவர் ஊசி மருந்தைச் சொல்கிறார். எழுதிக் கேட்பவர்கள் பலரும் இதில் யார் சொல்வது சரி என்றுதான் கேட்கிறார்கள். மூவருமே சரியாக இருக்கலாம். ஏனென்றால், முதல் ஆபரேஷனில் "கட்டியை முழுதாக எடுக்க முடியுமா?" என்ற ஒரு கேள்வி போதும். இரண்டாவது முறை, "எடுத்தபின் எவ்வளவு கணையம் மிஞ்சும்? இது இன்னும் எத்தனை முறை வரும்?" என்ற இரண்டும் சேர்ந்துகொள்கின்றன. கணையம் ஒரு கையிருப்பு. செலவழித்தால் திரும்பி வராது. கீழே உள்ள ஒப்பீடு முழுவதும் இந்தக் கணக்கை வைத்தே போகிறது.

## முதலில், உண்மையிலேயே திரும்பி வந்ததா?

இதைத் தாண்டாமல் எந்த வழியையும் ஒப்பிடுவதில் பயன் இல்லை. கணைய வாலை எடுத்தபோது மண்ணீரலையும் சேர்த்து எடுத்தவர்களுக்கு, மண்ணீரல் திசுவின் சிறு துணுக்குகள் வயிற்றுக்குள் தங்கி வளர்ந்துவிடுவது உண்டு. சிலருக்குப் பிறவியிலேயே குட்டி மண்ணீரல் ஒன்று கணைய வாலுக்குள் ஒளிந்திருக்கும். நியூரோஎண்டோகிரைன் கட்டியைத் தேடப் பயன்படும் காலியம்-68 டோட்டாடேட் பெட் ஸ்கேனில் மண்ணீரல் திசுவும் பளிச்சென்று ஒளிரும். சி.டி.யிலும் கட்டியைப் போலவே ரத்த ஓட்டம் மிகுந்து தெரியும். கட்டி என்று நினைத்து எடுத்த பிறகு பரிசோதனைக்கூடம் "இது மண்ணீரல்" என்று சொன்ன கதைகள் மருத்துவ இதழ்களில் நிறைய உண்டு. சந்தேகம் இருந்தால் டெக்னீசியம் கலந்த, சூடாக்கிச் சிதைத்த சிவப்பணு ஸ்கேன் அதைத் தீர்த்துவைக்கும். கணையத் தலையின் கீழ்ப்பகுதியும் அதே டோட்டாடேட் ஸ்கேனில் இயல்பாகவே கொஞ்சம் ஒளிரும். அதையும் கட்டி என்று படித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

ரத்தப் பரிசோதனையிலும் ஒரு பொறி உண்டு. நியூரோஎண்டோகிரைன் கட்டியின் அடையாளமாகப் பார்க்கப்படும் குரோமோகிரானின் ஏ ஏறியிருக்கிறது என்று பயந்துபோய் வருபவர்களில் பலர் நெஞ்செரிச்சலுக்கு ஒமெப்ரசோல் வகை மாத்திரை எடுப்பவர்கள். அந்த மாத்திரையே அந்த எண்ணை ஏற்றிவிடும். டாக்டரிடம் கேட்டு அதைச் சில நாள் நிறுத்திவிட்டு மறுபடி பார்ப்பது நல்லது.

திரும்பி வந்தது உறுதி என்றால், முடிந்தவரை அதிலிருந்து புதிதாகத் திசு எடுத்துப் பார்க்க வேண்டும். பத்து வருடத்துக்கு முந்தைய பயாப்சி அன்றைய கட்டியைச் சொல்கிறது. இன்றைய கட்டி அதைவிட வேகம் கூடியதாக இருக்கலாம்.

## எதை வைத்து எடை போடுவது?

வேகம். நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு இதை கே.ஐ.-67 என்ற எண் சொல்லும். பிரிந்துகொண்டிருக்கும் செல்கள் நூற்றுக்கு எத்தனை என்பதே அது. 3-க்குக் கீழ் என்றால் முதல் நிலை, 3 முதல் 20 வரை இரண்டாம் நிலை, 20-க்கு மேல் மூன்றாம் நிலை. ஆனால் எனக்கு அந்த எண்ணைவிட நம்பிக்கையானது பழைய ஸ்கேன்களை வரிசையாக வைத்துப் பார்ப்பது. மூன்று வருடமாக 11 மி.மீ.யிலேயே நிற்கும் புள்ளி வேறு, ஆறு மாதத்தில் 11-இலிருந்து 19-க்குத் தாவியது வேறு.

இடமும் எண்ணிக்கையும். ஒன்றா, பலவா? மிஞ்சிய கணையத்துக்குள் மட்டுமா, கல்லீரலிலும் உண்டா? செரிமானச் சாறு குடலுக்குப் போகும் முதன்மைக் கணைய நாளத்துக்கு எவ்வளவு பக்கத்தில்?

ஹார்மோன் தொல்லை. இன்சுலினோமா, அதாவது இன்சுலினை மிகையாகச் சுரக்கும் கட்டி, ரத்தச் சர்க்கரையைத் தாழ்த்தி மயக்கம் வரவைத்துக்கொண்டிருந்தால், அது 9 மி.மீ.தான் என்பதில் ஆறுதல் ஒன்றும் இல்லை. அளவைப் பார்த்துக் காத்திருக்கும் விதி, ஹார்மோன் சுரக்காத கட்டிகளுக்கு மட்டுமே.

பரம்பரை. எம்.இ.என்.-1 (பல ஹார்மோன் சுரப்பிகளில் கட்டி வரும் பரம்பரை நோய்), வி.எச்.எல். (பல உறுப்புகளில் கட்டி வரும் வான் ஹிப்பெல்-லிண்டாவ் நோய்) போன்ற கோளாறு இருந்தால் புதிது புதிதாக முளைக்கும். அங்கே "வேரோடு எடுத்துவிட்டோம்" என்ற சொல்லுக்கே பொருள் குறைவு.

மிஞ்சிய கணையம். இப்போதே சர்க்கரை நோய் இருக்கிறதா, கொழுப்பு செரிக்கிறதா, இன்னொரு முறை வெட்டினால் என்ன நிற்கும்?

ஆள். வயது, இதயம், வீட்டில் துணை, இன்சுலினைத் தானே கையாள முடியுமா என்பதும் இதில் அடக்கம். கடைசியாகச் சொன்னது சின்ன விஷயம் போலத் தெரியும். முழுக் கணையத்தை எடுப்பதா என்ற முடிவில் அதுவே தலைமைக் கேள்வி.

## வழி 1: எடுக்காமல் கண்காணிப்பது

சிறிய, ஹார்மோன் சுரக்காத, முதல் நிலை நியூரோஎண்டோகிரைன் கட்டி 2 செ.மீ.க்குக் கீழ் இருந்தால், முதல் முறை வந்ததையே எடுக்காமல் பார்த்துவருவது இன்று ஏற்கப்பட்ட நடைமுறை. மிஞ்சிய கணையத்தில் இரண்டாவதாக ஒன்று தெரியும்போதும் இதே நியாயத்தைப் பொருத்திப் பார்க்கலாம், ஒரு எச்சரிக்கையோடு: ஏற்கெனவே ஒருமுறை திரும்பி வந்த குணம் அதற்கு உண்டு. அதனால் முதல் ஸ்கேன் மூன்று முதல் ஆறு மாதத்தில், அசையாமல் இருந்தால் அப்புறம் இடைவெளியை நீட்டலாம். வி.எச்.எல். உள்ளவர்களுக்குப் பொதுவாக 3 செ.மீ., எம்.இ.என்.-1-க்கு 2 செ.மீ. என்ற எல்லைக் கோடுகள் புழக்கத்தில் இருக்கின்றன.

இதில் மறைந்திருக்கும் செலவு மனதுக்கு. ஒவ்வொரு ஸ்கேனுக்கும் முன்னால் பத்து நாள் தூக்கம் போகும் ஆளுக்கு இது "ஒன்றும் செய்யாத" வழி ஆகாது. முப்பது வயதில் ஆரம்பித்தால் பல பத்தாண்டுகளுக்கு சி.டி.யின் கதிர்வீச்சு சேர்ந்துகொண்டே போகும். முடிந்த இடத்தில் எம்.ஆர்.ஐ.க்கு மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டுவிடுங்கள்.

இன்சுலினோமாவுக்கு இந்த வழி இல்லை. சாலிட் சூடோபாப்பிலரி கட்டிக்கும் இதை நான் தேர்ந்தெடுக்க மாட்டேன். அதைத் தாமதப்படுத்திக் கட்டுப்படுத்தும் நம்பகமான மருந்து கையில் இல்லை. எடுக்கக்கூடிய அளவில் இருக்கும்போதே எடுப்பதுதான் அதற்கு முறை.

## வழி 2: கட்டியை மட்டும் தோண்டி எடுப்பது, அல்லது நடுத்துண்டை மட்டும் வெட்டுவது

கணையத்தை மிச்சம்பிடிக்கும் அறுவைகள் இவை. கட்டியை மட்டும் தோண்டி எடுக்கும் முறைக்கு முக்கியமான நிபந்தனை, கட்டிக்கும் முதன்மைக் கணைய நாளத்துக்கும் இடையே 2 முதல் 3 மி.மீ.யாவது இடைவெளி இருக்க வேண்டும் என்பது. கழுத்துப் பகுதியில் இருந்தால் நடுத்துண்டை மட்டும் வெட்டி, வால்பக்கத்தைக் குடலோடோ இரைப்பையோடோ இணைப்பார்கள். தலையும் வாலும் பிழைக்கும், சர்க்கரை நோய் வருவது குறையும்.

விலை உண்டு. கணையச் சாறு கசிவது இந்த இரண்டிலும் வழக்கமான அறுவையைவிட அதிகம். நடுத்துண்டு வெட்டும்போது இரண்டு வெட்டு முகங்கள் இருப்பதால் கசிய இடமும் இரண்டு. பெரும்பாலான கசிவு வடிகுழாயோடு வாரக்கணக்கில் பொறுத்திருந்தால் தானாக மூடிவிடும். பக்கத்து ரத்தக்குழாயை அரித்து ரத்தப்போக்கு ஆனால் கதை வேறு. வயிற்றில் குழாயும் இடுப்பில் பையுமாக வீடு திரும்ப நேரலாம் என்பதை ஆபரேஷனுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர்கள் அதைத் தாங்கிக்கொள்கிறார்கள். தெரியாமல் போனவர்கள் ஆபரேஷனே தோற்றுவிட்டது என்று நினைத்துவிடுகிறார்கள்.

இன்னொன்று: தோண்டி எடுக்கும்போது சுற்றியுள்ள நிணநீர் முடிச்சுகள் வெளியே வருவதில்லை. வேகம் கூடிய கட்டிக்கு இது பொருந்தாது. இன்சுலினோமாவுக்கும், எம்.இ.என்.-1 போன்ற திரும்பத் திரும்ப வரும் கோளாறுகளில் வரும் சின்னக் கட்டிகளுக்கும் நல்ல தேர்வு.

## வழி 3: மிஞ்சியதில் இன்னொரு பகுதியை வெட்டுவது

காகிதத்தில் எளிது. தலைப்பக்கம் முன்பு எடுத்தாயிற்று, இப்போது வாலில் கட்டி, வாலை வெட்டினால் நடுவில் கொஞ்சம் மிஞ்சும். உடம்பில் அப்படி நடக்காமல் போகக்கூடும். தலையை எடுக்கும் விப்பிள் அறுவையில் அந்தப் பக்கத்து ரத்தக்குழாய் கட்டப்பட்டுவிடும். மிஞ்சிய கணையம் பெரும்பாலும் மண்ணீரல் தமனியை நம்பியே வாழும். இப்போது வாலோடு அந்தத் தமனியையும் எடுத்தால், மிச்சம்பிடித்த நடுத்துண்டுக்கே ரத்தம் போதாமல் போகலாம். பழைய வெட்டுக்குப் பின் உறுப்புகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கிடப்பதால் அறுவை நேரமும் ரத்த இழப்பும் கூடும்.

ஆகவே இந்த வழியைச் சொல்லும் அறுவை நிபுணரிடம் "மிஞ்சும் துண்டுக்கு ரத்தம் எங்கிருந்து வரும்?" என்று நேராகக் கேட்கலாம். நல்ல நிபுணர் படத்தை எடுத்து வைத்து விரலால் காட்டுவார்.

மண்ணீரலும் போகிறது என்றால் நிமோகாக்கஸ், மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் தடுப்பூசிகளைத் திட்டமிட்ட ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் முன்பே போட்டுக்கொள்வது முறை. அதன்பின் வாழ்நாள் முழுக்கக் காய்ச்சல் வந்தால் அவசரம்தான்.

## வழி 4: முழுக் கணையத்தையும் எடுத்துவிடுவது

பலரையும் ஈர்ப்பதும் அச்சுறுத்துவதும் இதுதான். "இனி வர இடமே இல்லை" என்ற நிம்மதி ஒரு பக்கம். கணையமே இல்லாததால் கணையச் சாறு கசியும் ஆபத்தும் அடியோடு போய்விடுகிறது. இந்த ஒரு விஷயத்தில், மிச்சம்பிடிக்கும் அறுவையைவிட இது பாதுகாப்பாகக்கூடத் தெரியும்.

மறுபக்கத்தைக் கொஞ்சம் கிட்டத்தில் பார்ப்போம். கணையம் இல்லாமல் வரும் சர்க்கரை நோய், ஊரறிந்த சர்க்கரை நோயிலிருந்து வேறுபட்டது. இன்சுலின் மட்டும் போவதில்லை, சர்க்கரை தாழும்போது அதைத் தூக்கிவிடும் குளுக்ககானும் சேர்ந்து போய்விடுகிறது. ஊசி ஒரு பிடி கூடினாலும், சாப்பாடு ஒரு மணி நேரம் தள்ளிப்போனாலும், சர்க்கரை சரசரவென்று இறங்கும். அது இறங்குவதே தெரியாமல் போகும் நிலையும் சிலருக்கு வரும். இரவில் தனியாகத் தூங்குபவருக்கு இது உயிர் விஷயம். தொடர்ந்து சர்க்கரையை அளந்து எச்சரிக்கும் சென்சாரும் இன்சுலின் பம்ப்பும் வந்தபிறகு நிலைமை முன்பைவிட எவ்வளவோ மேல். ஆனாலும் அந்தக் கருவிகள் தொடர் செலவு. காப்பீடு அதை ஏற்குமா என்பதை ஆபரேஷன் தேதிக்கு முன்பே பார்த்துவைக்க வேண்டும்.

அடுத்தது செரிமானம். ஒவ்வொரு சாப்பாட்டோடும் என்சைம் மாத்திரை, வாழ்நாள் முழுக்க. பெரியவர்களுக்கு ஒரு முழுச் சாப்பாட்டுக்கு 40,000 முதல் 50,000 யூனிட் லைப்பேஸ் என்று தொடங்குவார்கள், தேவைக்கேற்பக் கூட்டுவார்கள். சாப்பிட்டு முடித்தபின் விழுங்கினால் பாதி வீண். முதல் கவளத்தோடு தொடங்கி, நீளமான சாப்பாடு என்றால் நடுவிலும் பிரித்துப் போட வேண்டும். போதாவிட்டால் எண்ணெய்ப்பிசுக்கோடு மிதக்கும் மலம், எடை இழப்பு, ஏ, டி, இ, கே வைட்டமின்கள் குறைவது என்று ஒவ்வொன்றாகத் தெரியவரும். எலும்பு மெலிவதும் இதோடு சேர்ந்ததுதான்.

அறுவை மேஜையில் இன்னொரு சிக்கலும் காத்திருக்கிறது. முன்பு வாலையும் மண்ணீரலையும் எடுத்தவரிடம் இப்போது தலையையும் எடுக்கும்போது, இரைப்பையிலிருந்து ரத்தம் திரும்பும் வழிகள் பெரும்பாலும் அடைபட்டு, இடது இரைப்பைச் சிரை என்ற ஒரு சின்ன சிரையை நம்பி நிற்கும். அதுவும் போனால் இரைப்பை ரத்தம் தேங்கி வீங்கும். பழைய ஆபரேஷன் குறிப்பில் அந்தச் சிரையை என்ன செய்தார்கள் என்று எழுதியிருக்கிறதா என்பது அப்போது பெரிய விஷயம் ஆகிறது.

அப்படியானால் யாருக்கு? மிஞ்சிய கணையம் முழுக்கப் பல இடங்களில் உண்மையிலேயே ஆபத்தான கட்டிகள் உள்ளவருக்கு. ஏற்கெனவே இன்சுலினில் இருப்பவருக்கு, மிஞ்சியது வேலை செய்யாத சின்னத் துண்டுதான் என்றால். சிறுநீரகப் புற்று கணையத்தில் பல புள்ளிகளாக வந்து, வேறெங்கும் இல்லாத சிலருக்கு. "பயமாக இருக்கிறது, மொத்தமாக முடித்துவிடுங்கள்" என்பது மட்டும் காரணமாக இருக்கக் கூடாது. கேட்கக் கடுமையாக இருக்கலாம், ஆனால் ஒன்றரை செ.மீ. முதல் நிலைக் கட்டிக்காக முழுக் கணையத்தைக் கொடுப்பவர், கட்டி தரக்கூடியதைவிடப் பெரிய நோயைக் காசு கொடுத்து வாங்குகிறார்.

முடிவு இதுதான் என்றால், ஆபரேஷனுக்கு முன்பே சர்க்கரை நோய் நிபுணரைச் சந்தித்து, ஊசி போடவும் சாப்பாட்டின் மாவுச்சத்தைக் கணக்கிடவும் கற்றுக்கொள்ளுங்கள். மயக்கம் தெளிந்து படுத்திருக்கும்போது அதைக் கற்பது கஷ்டம்.

## வழி 5: வாய்வழியே ஊசி விட்டுச் சுடுவது

எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட் வழியாக ஊசியைக் கட்டிக்குள் செலுத்தி, ரேடியோ அலைச் சூட்டால் கருக்கும் முறை. வெட்டு இல்லை, கணையம் கிட்டத்தட்ட அப்படியே இருக்கும், வீட்டுக்கு விரைவில் போகலாம். சிறிய இன்சுலினோமாவில் சர்க்கரைத் தாழ்வு மறைவதில் இது நல்ல பலன் காட்டியிருக்கிறது. அறுவையோடு ஒப்பிட்டால் சிக்கல்களும் குறைவு. வயதானவருக்கும், இரண்டாவது ஆபரேஷனைத் தாங்காதவருக்கும் இது பெரிய வரம்.

குறை என்னவென்றால், வெளியே எடுக்காததால் முழுக் கட்டியையும் மைக்ரோஸ்கோப்பில் பார்க்க முடியாது, நிணநீர் முடிச்சும் கிடைக்காது. சிலருக்கு மறுபடி வருகிறது, மறுபடி சுட வேண்டியிருக்கிறது. கணைய அழற்சி வரலாம். நாளத்துக்கு மிகப் பக்கத்தில் இருந்தால் நாளமே சுருங்கிப்போகும் ஆபத்தும் உண்டு. முன்பு விப்பிள் செய்தவருக்கு முன்சிறுகுடல் போய்விட்டதால் கருவி போகும் பாதையே மாறியிருக்கும். அங்கே இது முடியுமா என்பது படத்தைப் பார்த்துத்தான் தெரியும். பல வருடப் பின்தொடர்தல் தரவு அறுவைக்கு இருக்கும் அளவு இதற்கு இன்னும் சேரவில்லை.

## வழி 6: மருந்தும் கதிரியக்க ஊசியும்

நியூரோஎண்டோகிரைன் கட்டிக்கு இங்கே கையில் நிறைய இருக்கிறது. லான்ரியோடைடு, ஆக்ட்ரியோடைடு ஊசிகள் மாதம் ஒருமுறை. 2014-இல் வெளியான கிளாரினெட் ஆய்வு லான்ரியோடைடு வளர்ச்சியைத் தள்ளிப்போடுவதைக் காட்டியது. எவரோலிமஸ், சுனிட்டினிப் மாத்திரைகள் 2011-இல் இருந்து உள்ளன. கேப்சிடபின், டெமோசோலமைடு கூட்டு கட்டியைச் சுருக்க வேண்டிய நேரத்தில் உதவும். டோட்டாடேட் ஸ்கேனில் நன்றாக ஒளிரும் கட்டிக்கு லுட்டீசியம்-177 கதிரியக்க ஊசி, வழக்கமாக எட்டு வார இடைவெளியில் நான்கு முறை.

இவை கட்டியை முழுதாக ஒழிப்பது அரிது, பிடித்து நிறுத்துகின்றன. மறைந்த செலவுகளும் உண்டு. மாத ஊசிகள் பித்தப்பையில் கல் உண்டாக்கும். அதனால்தான், பிற்காலத்தில் அந்த ஊசி தேவைப்படலாம் என்று தெரிந்தால், ஆபரேஷனின்போதே பித்தப்பையையும் எடுத்துவிடச் சொல்வார்கள். லுட்டீசியம் ஊசியால் சிலருக்கு, சிறு விகிதத்தில், பிற்காலத்தில் எலும்பு மஜ்ஜைக் கோளாறு வருகிறது. எவரோலிமஸ் ரத்தச் சர்க்கரையை ஏற்றும். சாதாரண ஆளுக்கு அது தொல்லை, பரவிய இன்சுலினோமா உள்ளவருக்கோ அதுவே மருந்தாகிவிடுகிறது.

வி.எச்.எல். உள்ளவர்களுக்கு 2021-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற பெல்சுட்டிஃபான் மாத்திரை, கணைய நியூரோஎண்டோகிரைன் கட்டியையும் சுருக்குகிறது. முன்பு கத்தியைத் தவிர வழி இல்லாத இடத்தில் இது ஒரு பெரிய மாற்றம். ரத்தச்சோகையும் ஆக்சிஜன் குறைவும் வரலாம். கருவுக்குக் கேடு என்பதால் குழந்தை பெறும் வயதினர் கண்டிப்பாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

## ஒரே பார்வையில்

| வழி | கணையம் மிஞ்சுமா? | யாருக்குப் பொருந்தும்? | மறைந்த விலை | யாருக்கு வேண்டாம்? |
|---|---|---|---|---|
| கண்காணிப்பு | முழுதும் | சிறிய, மெதுவான, ஹார்மோன் சுரக்காத கட்டி | ஸ்கேன் பயம், கதிர்வீச்சு சேர்வது | இன்சுலினோமா, சூடோபாப்பிலரி கட்டி |
| தோண்டி எடுத்தல், நடுத்துண்டு | பெரும்பகுதி | இன்சுலினோமா, பரம்பரைச் சிறுகட்டி | கசிவு, நீளும் வடிகுழாய் | வேகமான கட்டி, நாளத்தை ஒட்டியது |
| இன்னொரு பகுதி | கொஞ்சம் | ஒற்றைக் கட்டி, நல்ல உடல்நிலை | ரத்த ஓட்டச் சிக்கல், ஒட்டல்கள் | மிஞ்சுவது வேலைக்கு ஆகாது என்றால் |
| முழுக் கணையம் | இல்லை | பல இடத்தில் கட்டி, ஏற்கெனவே இன்சுலின் | கட்டுக்கடங்காத சர்க்கரை, என்சைம் | தனியாக வாழ்பவர், இன்சுலினைக் கையாள முடியாதவர் |
| ஊசிவழிச் சூடு | பெரும்பாலும் முழுதும் | அறுவை தாங்காதவர், சிறிய இன்சுலினோமா | மறுபடி வருவது, அழற்சி | பெரிய கட்டி, நாளத்தை ஒட்டியது |
| மருந்து, கதிரியக்கம் | முழுதும் | பரவியது, வெட்ட முடியாதது | தொடர் பக்கவிளைவு, தொடர் செலவு | எளிதாக எடுக்கக்கூடிய ஒற்றைக் கட்டி |

## கட்டிக்குக் கட்டி எங்கே சாய்வது?

சாலிட் சூடோபாப்பிலரி கட்டி: இதில் நான் அறுவைப் பக்கம்தான். முதல் ஆபரேஷனுக்குப் பின் பெரும்பாலோருக்குத் திரும்புவதே இல்லை. திரும்பினாலும், கல்லீரலில் புள்ளி இருந்தால்கூட, எடுத்துவிட்டுப் பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு. எல்லாவற்றையும் எடுக்க முடியாவிட்டாலும் பெரும்பகுதியை எடுப்பதற்கு அர்த்தம் இருக்கும் அபூர்வமான கட்டி இது. கீமோவை நம்பி நாளைக் கடத்துவதில் பலன் குறைவு.

இன்சுலினோமா: எங்கே இருக்கிறது என்று கண்டுபிடிக்காமல் வயிற்றைத் திறக்கவே கூடாது. சாதாரண ஸ்கேனில் சிக்காவிட்டால் எண்டோஸ்கோப்பி அல்ட்ராசவுண்ட், இன்சுலின் செல்களை ஒளிரவைக்கும் எக்ஸெண்டின் பெட் ஸ்கேன், தமனியில் கால்சியம் செலுத்திப் பார்க்கும் சோதனை என்று வரிசையாக இருக்கின்றன. அதுவரை டையாசாக்சைடு மாத்திரை சர்க்கரையைத் தாங்கிப்பிடிக்கும், நீர்கோர்த்த வீக்கமும் தேவையற்ற முடி வளர்ச்சியும் அதோடு வரலாம். இடம் தெரிந்தபின் தோண்டி எடுப்பது அல்லது சுடுவது.

எம்.இ.என்.-1-இல் காஸ்ட்ரினோமா (இரைப்பை அமிலத்தைத் தூண்டும் காஸ்ட்ரின் ஹார்மோனைச் சுரக்கும் கட்டி): பெரும்பாலும் முன்சிறுகுடலில், பல குட்டிக் கட்டிகளாக இருக்கும். மறுபடி மறுபடி வெட்டுவதைவிட அமிலம் குறைக்கும் மாத்திரையால் ஆண்டுக்கணக்கில் சமாளிக்கலாம். அதே நோயில் பாராதைராய்டு சுரப்பியும் மிகையாக வேலை செய்துகொண்டிருந்தால் அதை முதலில் சரிசெய்ய வேண்டும். கால்சியம் இறங்கினாலே காஸ்ட்ரினும் இறங்கும்.

சிறுநீரகத்திலிருந்து வந்தது: சிறுநீரகத்தை எடுத்துப் பத்து வருடம், சிலருக்கு இருபது வருடம் கழித்தும் வரும். கணையத்தில் மட்டும் இருந்தால் எடுப்பதால் நல்ல பலன் கிடைக்கிறது. ஆனால் இவ்வகை மெல்ல நகரும் குணமுடையது, ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மாத்திரைகளுக்கு நன்றாகக் கட்டுப்படும். ஆகவே, எடுக்க முழுக் கணையத்தையும் கொடுக்க வேண்டும் என்ற நிலையில், மாத்திரையையும் குறிவைத்த கதிர்வீச்சையும் முதலில் எடைபோடச் சொல்வேன். புதிதாக வேறெங்கும் முளைக்கிறதா என்று சில மாதம் பார்ப்பதிலும் தவறில்லை.

கல்லீரலுக்குப் போன நியூரோஎண்டோகிரைன் கட்டி: எண்ணிக்கை குறைவு, மெதுவானது என்றால் கல்லீரல் புள்ளிகளை எடுப்பது, சுடுவது, ரத்தம் போகும் குழாயை அடைப்பது எல்லாம் உண்டு. மிகத் தேர்ந்தெடுத்த சிலருக்குக் கல்லீரல் மாற்றும் செய்கிறார்கள். ஸ்டீவ் ஜாப்ஸுக்கு 2003-இல் கண்டறிந்தது இந்த வகைக் கட்டிதான். 2004-இல் ஆபரேஷன், 2009-இல் கல்லீரல் மாற்று, 2011-இல் மறைவு. மெதுவானது என்றாலும் விளையாட்டல்ல. அதே சமயம் சாதாரணக் கணையப் புற்றின் கணக்கும் இதற்குப் பொருந்தாது.

## முடிவெடுக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இந்த அறுவைகளை அடிக்கடி செய்யும் மையத்துக்கும் எப்போதாவது செய்யும் இடத்துக்கும் உயிரிழப்பில் வித்தியாசம் உண்டு என்பது பல ஆய்வுகளில் உறுதியானது. இரண்டாவது முறை வெட்டும்போது அது இன்னும் முக்கியம். "வருடத்துக்கு எத்தனை கணைய அறுவை செய்கிறீர்கள், அதில் மறு அறுவை எத்தனை?" என்று கேட்பதில் அவமரியாதை எதுவும் இல்லை. அறுவை நிபுணர், நாளமில்லாச் சுரப்பி நிபுணர், புற்றுநோய் மருத்துவர், கதிரியக்கப் பட நிபுணர் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் கூட்டத்தில் உங்கள் கேஸ் போய்வந்ததா என்றும் கேளுங்கள்.

போகும்போது முதல் ஆபரேஷனின் விவரக் குறிப்பைக் கொண்டுபோங்கள், டிஸ்சார்ஜ் சுருக்கம் மட்டும் போதாது. எந்தக் குழாயைக் கட்டினார்கள், கட்டி அப்போது உடைந்ததா, வெட்டு விளிம்பு சுத்தமாக இருந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். பழைய பயாப்சியின் மெழுகுக் கட்டியையும் கண்ணாடி ஸ்லைடையும் பரிசோதனைக்கூடத்திலிருந்து கேட்டு வாங்கலாம். புதிய இடத்தில் மறுபடி பார்ப்பார்கள், சிலசமயம் பெயரே மாறிவிடும். ஸ்கேன்களை அச்சடித்த ஃபிலிமாக எடுத்துப் போகாமல் குறுந்தகட்டிலோ பென் டிரைவிலோ மூலப் படங்களாக, பழையதிலிருந்து புதியதுவரை வரிசையாகக் கொடுங்கள்.